ஜடையன், எஸ்.

மைசூர்
3-8-1997

அன்புள்ள சொர்ணலதா அக்காவுக்கு,

நான் தேவராஜ மொஹல்லாவில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் சேகரனின் மகள் சௌம்யா. போன வருடம் உங்கள் ஆய்வேட்டை எங்கள் கடையில்தான் அடிக்கக் கொடுத்தீர்கள். என் முகம் நினைவிருக்குமா என்று தெரியவில்லை. பள்ளிச் சீருடையோடு மூலையில் உட்கார்ந்து, அத்தியாயங்களின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல்களை அடிப்பது நான்தான். அலுப்பான வேலை என்பதால் அப்பா அதை எனக்குத் தள்ளிவிடுவார்.

அப்பா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். நான் எழுதியது யாருக்கும் தெரியக் கூடாது. பதில் போடுவதானால் என் தோழி மனிஷாவின் வீட்டு முகவரிக்குப் போடுங்கள். பின்பக்கம் இருக்கிறது.

ஜூலை 22 அன்று உங்கள் வழிகாட்டி பசவராஜ் சார் கடைக்கு வந்தார். உங்கள் பிளாப்பியின் பிரதி எங்களிடம் இருக்கிறது அல்லவா, அதிலிருந்து நான்காம் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னார். புல் மண்டிய வாய்க்காலில் தண்ணீர் எப்படிச் சுழன்று ஓடுகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்த்தீர்களே, அந்த அத்தியாயம். தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் போடச் சொன்னார். பிறகு, ‘ஜெ. சொர்ணலதா’ என்று வரும் இடங்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். அப்பா வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் கணினியின் வேர்ட்ஸ்டாரில் தேடினால் இயந்திரமே ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் நிறுத்தும். பத்தொன்பது இடங்களில் நிறுத்தியது. பத்தொன்பதிலும் எடுத்தேன்.

நீங்கள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காமலே ஊருக்குப் போய்விட்டதாகச் சார் அப்பாவிடம் சொன்னார். அதனால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

மூன்று வருடங்களாகப் பட்டியல் அடித்ததில் எனக்கு ஒன்று பழகிவிட்டது. முதல் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் எழுதியது யார் என்று சொல்லிவிடுவேன். பசவராஜ் சாரின் பதினான்கு கட்டுரைகளை அடித்திருக்கிறோம். பதினான்கிலும் முதல் மேற்கோள் அவருடைய குருவின் 1971 புத்தகம். 1983-க்குப் பிறகு வந்த எதுவும் அவர் பட்டியலில் இருக்காது. இந்தக் கட்டுரையில் முப்பத்தொரு மேற்கோள்கள், அவற்றில் இருபத்திரண்டு 1985-க்குப் பிறகு வந்தவை. குருவைக் காணோம். (மறுநாள் வந்து பேனாவால் முப்பத்திரண்டாவதாக எழுதிச் சேர்த்தார்.) உங்கள் அத்தியாயத்தில் ஒரு பக்க எண்ணை 317 என்பதற்குப் பதில் 371 என்று நான் தவறாக அடித்திருந்தேன். அந்தத் தவறும் இதில் அப்படியே இருக்கிறது.

கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் இதையெல்லாம் அட்டவணையாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் ஏதாவது செய்ய முடியுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தாவது முடித்ததும் எனக்குப் பியூசி சயின்ஸ் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
சௌம்யா


ஹனூர்
11-8-1997

சௌம்யா,

உன் கடிதம் வந்தது. அவர் உன்னை எழுதச் சொன்னாரா? நான் ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவர் இதற்கு முன்பும் ஆள் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் என் பதில்: மாடு கறக்கிறேன்.

அவர் சொல்லவில்லை, நீயாகத்தான் எழுதினாய் என்றால், பத்தொன்பது முறை எடுத்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். ஒரு முறை எடுத்ததும் எழுதியிருக்கலாம்.

என்ன போகிறது என்று உனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். ஓடும் தண்ணீரில் பெரிய சுழலும் உண்டு, கண்ணுக்கே தெரியாத சின்னச் சுழலும் உண்டு. எல்லாவற்றையும் கணக்கிட உலகத்தில் கணினி கிடையாது. பெரியதைக் கணக்கிட்டு, சின்னதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் சரியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் துறையின் கணினிக்கு ஒரு நிமிட நீரோட்டத்தைக் கணக்கிடப் பதினோரு நாள் ஆகும். பத்தாம் நாள் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. இப்படி நான்கு வருடங்கள். அந்தக் கட்டுரை அவர் பெயரில் அச்சாகிவிட்டால், பிறகு நான் ஏட்டைக் கொடுக்கும்போது நான்காம் அத்தியாயம் அவரிடமிருந்து நான் திருடியதாக ஆகும். பட்டம் கிடைக்காது என்பது அதில் சின்ன விஷயம்.

உன் அட்டவணை நன்றாக இருக்கிறது. ஆனால் நிற்காது. ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் புதிதாகப் படிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? அந்த 371-க்கும் பதில் இருக்கிறது. இரண்டையும் அடித்தது நீ, ஒரே விரல் இரண்டு முறை தவறியது என்பார்கள்.

பெயரை எடுத்ததை நீ வெளியே சொல்லப் போகிறாயா? மாட்டாய். அப்படியானால் இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்வதில் பயனில்லை.

ஜெ. சொர்ணலதா


மைசூர்
17-8-1997

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. அதை நிரூபிக்க எனக்கு வழி தெரியவில்லை.

முதல் இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்பது சரி. அப்போது எனக்கு அது பெயராகவே தோன்றவில்லை. தேடு, எடு, அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது இடத்தில், ‘இந்த மாறிலியை ஜெ. சொர்ணலதா வாய்க்கால் அளவுகளிலிருந்து பெற்றார்’ என்று ஒரு வரி இருந்தது. பெயரை எடுத்ததும் மாறிலி தானாகவே வந்தது போல ஆகிவிட்டது. அங்கேதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் ஏழு இடங்களில் எடுத்தேன்.

அட்டவணை நிற்காது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின் பட்டியலை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சந்தேகம். பதினேழாவது மேற்கோள்: ‘ஜடையன், எஸ்., 1995, மதராஸ் கருத்தரங்கத் தொகுப்பு’. கட்டுரைக்குள் ஐந்து இடங்களில் இவர் வருகிறார். உங்கள் அத்தியாயத்திலும் அதே ஐந்து இடங்கள். வேறு யாருடைய பட்டியலிலும் நான் இவரை அடித்ததில்லை. இவர் யார்?

அன்றைக்கே சாரிடம் கேட்டேன், இதையும் எடுக்கவா என்று. எங்கள் கடையில் அவர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். “அவரு இரலி பிடும்மா, இருக்கட்டும். மெட்ராஸ்காரரு, பெரிய ஆளு. அவரை எடுத்தா நாளைக்கு எங்கயாவது பாத்தா கோவிச்சுக்குவாரு” என்று சொன்னார். பிறகு, முன்னுரையிலும் அவரைப் பற்றி ஒரு நல்ல வரி சேர்க்கச் சொன்னார். ‘ஜடையனின் முன்னோடி ஆய்வு’ என்று சேர்த்தேன். இப்போது ஆறு இடங்கள்.

அவ்வளவு பெரியவர் என்றால் நீங்கள் அவருக்கு எழுதிக் கேட்கலாமே. நடந்ததைச் சொன்னால் உதவுவார் அல்லவா?

சௌம்யா


ஹனூர்
25-8-1997

சௌம்யா,

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்று படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள்.

ஜடையன் என் அப்பா. மெட்ராஸ்காரர் இல்லை. ஓசூர்ப் பக்கம்கூட அவர் போனதில்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் மதகு திறந்து மூடும் வேலை பார்க்கிறார். என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஜெ அவர்தான்.

நடந்தது இதுதான். 1995-ல் மதராஸ் கருத்தரங்குக்கு ஒரு சிறு கட்டுரை அனுப்பினேன். அவர்களின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தலையெழுத்து போட இடமில்லை. நமக்குக் கடைசிப் பெயர் ஏது? முதல் கட்டத்தில் சொர்ணலதா என்றும், அடுத்ததில் ஜடையன் என்றும் எழுதினேன். தொகுப்பு வந்தபோது ‘ஜடையன், எஸ்.’ என்று அச்சாகியிருந்தது. அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே மேற்கோள் காட்ட வேண்டும், ஆகவே என்னையே நான் ஜடையன் என்று காட்டியிருக்கிறேன். நான்கு வருடங்கள் பசவராஜ் சாரிடம் மாணவியாக இருந்தேன். வருகைப் பதிவேட்டில் தினமும் என் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், அந்த ஜெ என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே நீ கண்டுபிடித்தது நிற்கும். அவர் கட்டுரை எந்த ஆய்வின் மேல் நிற்கிறதோ அது என்னுடையது என்பதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. ஆனால் அதை என்னால் காட்ட முடியாது. வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வு மாணவர் எதையும் வெளியிடக் கூடாது என்பது விதி. மீறினால் பதிவையே ரத்து செய்யலாம். அவரிடம் காட்டினால் தன் பெயரை முதலில் போடுவார் என்று தெரிந்துதான் நான் சொல்லாமல் அனுப்பினேன். நான்தான் ஜடையன் என்று சொன்ன அன்றைக்கே அவர் கையில் அந்த விதியைக் கொடுத்தது போல ஆகிவிடும்.

நீ சும்மா இரு. பதினேழைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. முக்கியமாக அவரிடம்.

சொர்ணலதா


மைசூர்
21-9-1997

அக்கா,

கட்டுரை போன வாரம் பெங்களூரில் உள்ள ஓர் ஆய்விதழுக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. உறையின் மேல் முகவரி ஒட்டியது நான். தலைமை அஞ்சலகத்தில் வரிசையில் நின்று ரசீது வாங்கியதும் நான்.

சார் அப்பாவிடம் மறுபடி சீட் பற்றிப் பேசினார். அப்பா அவருக்குக் காபி வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன்.

நீங்கள் சும்மா இருக்கச் சொன்னீர்கள். சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த வேலைதான், ஜூலையிலிருந்தே செய்கிறேன். நீங்களும் அதையே செய்வீர்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. என்னை விட வயதில் பெரியவர் என்பதால் அப்படி நினைத்தேன் போலிருக்கிறது.

அரையாண்டுத் தேர்வு வருகிறது. இனிமேல் எழுத மாட்டேன்.

சௌம்யா


ஹனூர்
27-10-1997

சௌம்யா,

எழுத மாட்டேன் என்றாய். நான் எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. உனக்குக் கோபிக்கத் தெரிகிறது என்பது நல்லதுதான்.

போன திங்கட்கிழமை தபால்காரர் வீட்டுக்கு வந்து, ‘டாக்டர் எஸ். ஜடையன்’ பெயருக்குப் பதிவுத் தபால் என்றார். அப்பா மதகிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். “டாக்டருன்னு போட்டிருக்குதுங்க. மாட்டுக்கா, மனுசனுக்கா?” என்று தபால்காரர் கிண்டல் செய்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் வரும் தபால் எல்லாம் அவருக்கு இலாகா நோட்டீஸ்தான். “மதகு ஒழுகறதுக்குங்களா சாமி? நான் போன மாசமே சொல்லிட்டனுங்களே” என்று சொல்லிக்கொண்டே கைநாட்டு வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். பசவராஜ் சாரின் கட்டுரை. என் நான்காம் அத்தியாயம், நீ எடுத்த பத்தொன்பது ஓட்டைகளோடு.

இதழ்கள் இப்படித்தான் செய்யும். ஒரு கட்டுரை வந்தால், அதைச் சரிபார்க்க யாரைக் கேட்பது என்று பட்டியலைப் பார்ப்பார்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம். முன்னுரையிலேயே முன்னோடி என்று பாராட்டப்பட்டவரை விடுவார்களா? மதராஸ் தொகுப்பில் என் முகவரியாக ஹனூர் வீட்டைக் கொடுத்திருந்தேன், விடுதிக்கு வரும் தபால் எல்லாம் அவர் மேசை வழியாக வரும் என்பதால். அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்.

‘இந்தக் கட்டுரை வெளியிடத் தக்கதா என்று தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்’ என்று என் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாட்கள் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பதில் எழுதினேன். இந்த ஆய்வு முழுவதும் மைசூரில் ஜெ. சொர்ணலதா என்ற மாணவி செய்தது, அவர் பெயர் இதில் ஏன் இல்லை என்று கட்டுரையாளரைக் கேட்ட பிறகே மேற்கொண்டு யோசிக்க முடியும் என்று எழுதி, ‘எஸ். ஜடையன்’ என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். சொன்னது எதுவும் பொய்யில்லை. கருத்தைச் சொல்பவர் யார் என்பதை இதழ் வெளியே சொல்லாது. அதனால் எனக்கும் ஆபத்தில்லை. உன் பெயரும் கடையின் பெயரும் அதில் எங்குமே இல்லை.

தேர்வு எப்படி எழுதினாய்?

சொர்ணலதா


மைசூர்
20-11-1997

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். இதை மதியம் கடையில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

பசவராஜ் சார் பதினொரு மணிக்கு வந்தார். எனக்கு அன்று விடுமுறை. இதழிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அதைக் காட்டவில்லை. பதில் ஒன்று அடிக்க வேண்டும் என்று என்னைக் கணினி முன் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். என் மாணவி ஜெ. சொர்ணலதா இந்த ஆய்வில் உதவியது உண்மை, அவருக்கு நன்றி தெரிவித்தே எழுதியிருந்தேன், அடிக்கும்போது தட்டச்சகத்தின் கவனக்குறைவால் அந்தப் பெயர் விடுபட்டுவிட்டது, தட்டச்சகத்தின் கடிதத்தை இணைத்திருக்கிறேன். இவ்வளவுதான். அடுத்த தாளில் அந்த இணைப்பையும் அவரே சொன்னார்: எங்கள் கடையின் கவனக்குறைவால் பெயர் விடுபட்டதற்கு வருந்துகிறோம், இப்படிக்கு சேகரன். நான் அடித்தேன். விரல்கள் தானாகவே அடித்தன.

அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார். அப்பா அடிக்கும் எதையும் படித்துப் பார்ப்பவர் அல்ல, எழுத்துகளை மட்டும் பார்ப்பார். ஆனால் கடையின் பெயர் இருந்ததால் இதைப் படித்தார். கன்னடத்தில், என்ன சார் இது என்று கேட்டார். சும்மா ஒரு சம்பிரதாயம், சின்னப் பெண் மறந்திருக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றார் சார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “சௌமி, நீ விட்டியா?”

சீட்டைப் பற்றி நினைத்தேன். அப்பாவிடம் வாங்கப்போகும் அடியைப் பற்றியும் நினைத்தேன். உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே போட்டிருந்த ‘மாட்டாய்’ என்ற பதிலையும் நினைத்தேன்.

“விடலப்பா. எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். பத்தொன்பது இடம்.”

சார் சிரித்தார். இந்த வயதில் எல்லாம் கற்பனை என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

“இருவத்திரண்டு வருஷமா அடிக்கிறேன் சார். எழுத்து விட்டிருக்கேன். வரிகூட விட்டிருக்கேன், இல்லேங்கல. ஆனா பத்தொன்பது இடத்துலயும் தேடிப் போயி ஒரே பேரை விட்டேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவன் சார் எங்கிட்ட தீசிஸ் குடுப்பான்? இது கவனக்குறைவு இல்ல. இது ரொம்பக் கவனமா செஞ்ச வேலை.”

சார் இரண்டு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தார். ஜூன் மாதம் பார்க்கலாம் சேகரன், என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூன் என்றால் சீட். துறையின் வேலையும் இனிமேல் வராது.

அவர் போன பிறகு அப்பா இதை வேறு யாருக்குச் சொன்னாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், கடிதங்களையும். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. “முத நாளே எங்கிட்ட சொல்ல மாட்டியா? நான் அங்கயேதானே இருந்தேன்” என்றார்.

பிறகு பழைய ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். கணினியில் அடித்தால் பிறகு மாற்றியதாகச் சொல்வார்கள், தட்டச்சில் அடித்தால் அடித்தது அடித்ததுதான் என்றார். இதழுக்குக் கடை எழுதும் கடிதம். ஜூலை 22, இன்னார் வந்தார், இன்ன கோப்பிலிருந்து இதை எடுக்கச் சொன்னார், என் மகள் எடுத்தாள் என்று அடித்துக்கொண்டே வந்தவர், உங்கள் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டார்.

“இந்தப் பொண்ணு பேரை என்னன்னு போடறது?” என்றார்.

ஜெ. சொர்ணலதா என்று போடலாம் என்றேன். போட்டால் நடந்தது வந்துவிடும் என்றார் அப்பா. ஆனால் இந்தப் பெண்ணைப் பற்றி எழுதிய எஸ். ஜடையன் யார் என்று இதழ்காரர்கள் கேட்பார்கள் அல்லவா, அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்கும் வரை எனக்கும் அது தோன்றவில்லை. அக்கா, நான் என் பெயரில் சொல்லிவிட்டேன். அப்பாவும் அவர் பெயரில்தான் அடிக்கிறார். நீங்கள் மட்டும் இன்னும் உங்கள் அப்பாவின் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தவறாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள்.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். தாள் இயந்திரத்திலேயே இருக்கிறது. வேறு வேலை வந்தாலும் அதை உருவ மாட்டேன் என்கிறார்.

சே. சௌம்யா


ஹனூர்
24-11-1997

சௌம்யா,

உன் அப்பாவிடம் இப்படிப் போடச் சொல்: ‘ஜெ. சொர்ணலதா’. காற்புள்ளி. ‘இவரே எஸ். ஜடையன்’.

வியாழக்கிழமை பஸ் பிடித்து மைசூர் வருகிறேன். வழிகாட்டியின் அனுமதி இல்லாமல் 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டேன் என்று பதிவாளருக்கு நானே எழுதிய கடிதம் கையில் இருக்கும். என்ன தண்டனை தருவார்கள் என்று தெரியவில்லை. அதோடு நான்காம் அத்தியாயத்தையும் அவரிடம் கொடுக்கிறேன். அதை உங்களிடம் உள்ள பிளாப்பியிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது இடங்களையும் நீ வைத்திருக்கிறாய் அல்லவா?

முதல் நாள் நான் எழுதிய ‘மாட்டாய்’ தவறு.

சொர்ணலதா